பத்து நாள் பத்தியமும் மூன்று மாதக் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறேன். இந்த முறை பரிசோதனைக்குப் போவதற்கு முன் பத்து நாள் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன், இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன், தினமும் நடந்தேன். வெறும் வயிற்றில் 108, சாப்பிட்ட பின் 152 என்று வந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் 8.4. "பத்து நாள் வேஷம் போட்டால் எனக்குத் தெரியாதா?" என்று டாக்டர் கேட்டது மனத்தை மிகவும் வருத்திவிட்டது. லேபில் தவறு நடந்திருக்குமா? அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.2, எம்சிவி 70 என்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கின்போது இரத்தப்போக்கு அதிகம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, "சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாதே அம்மா, அது எப்படி மூன்று மாதத்தை நினைவு வைத்திருக்கும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளக்குவீர்களா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

லேபில் தவறு நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அந்த 8.4-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டுக்கும் காரணம் உங்கள் மகளின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உட்கரு இல்லை என்பதால்தான் சிவப்பணுவில் அந்தக் கணக்கு அழியாமல் தங்குகிறது. முதலில் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன். இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

அவளுடைய பாடப்புத்தகத்தில் செல்லின் படம் ஒன்று இருக்கும். வெளியே சவ்வு, நடுவில் உட்கரு, சுற்றிலும் சைட்டோபிளாசம், அதற்குள் மைட்டோகாண்டிரியா, ரைபோசோம், கோல்கை உறுப்பு, லைசோசோம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். எல்லா உறுப்புகளையும் ஒரே இடத்தில் காட்டுவதற்காக வரைந்த பொதுப் படம் அது. உடலில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்ப உருமாறியவை. இதயத் தசை செல்லில் மைட்டோகாண்டிரியா நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கொழுப்பு செல்லில் ஒரே பெரிய கொழுப்புத் துளி இடத்தையெல்லாம் அடைத்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். இந்த உறுப்பு இந்த வேலை என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒரு செல் செய்யும் வேலையைத் தொடர்ந்து பார்த்தால் உறுப்புகள் தாமாகவே விளங்கிவிடும். உங்கள் நோயில் சம்பந்தப்பட்ட மூன்று செல்களையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல். இன்சுலின் செய்வதற்கான குறிப்பு உட்கருவில், 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று உட்கருவிலிருந்து வெளியே வருகிறது. எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கின்றன. அந்தப் புரதம் கோல்கை உறுப்புக்குப் போய், சிறு சிறு பைகளில் அடைபட்டு, வேண்டாத பகுதி வெட்டப்பட்டு இன்சுலினாகிக் காத்திருக்கிறது. நீங்கள் சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் இந்தச் செல்லுக்குள் நுழைகிறது. மைட்டோகாண்டிரியா அதை எரித்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகின்றன. ஏடிபி கூடியதும் சவ்வில் உள்ள ஒரு பொட்டாசியம் வாயில் மூடிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. காத்திருந்த பைகள் சவ்வோடு சேர்ந்து இன்சுலினை இரத்தத்தில் விடுகின்றன. நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு இதே பொட்டாசியம் வாயிலைத்தான் மூடுகிறது. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது, தசை செல். இதன் சவ்வைக் குளுக்கோஸ் தானாகக் கடந்துவிட முடியாது. அதற்கென்று இருக்கும் புரத வாயில் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தசையிலும் கொழுப்பிலும் அந்த வாயில்களில் பெரும்பகுதி செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டிய பிறகே அவை மேலே வந்து பொருந்தும். சர்க்கரை நோயில் இந்த அழைப்புக்குச் செல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலின் அழைக்காமலேயே அதே வாயில்கள் மேலே வருகின்றன. சாப்பிட்ட பின் நடக்கச் சொல்வது இதனால்தான். பத்து நாள் நடந்தீர்களே, அந்த நடைக்கு உங்கள் தசை செல்கள் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கின்றன. 108-ம் 152-ம் பொய் எண்கள் அல்ல.

இனி சிவப்பணு. அது பிறக்கும்போதே உட்கரு இல்லாமல் பிறப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் அதன் முன்னோடி செல்லுக்கு உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் ரைபோசோம்களும் நிறையவே உண்டு. அந்த நாட்களில் அதற்கு ஒரே வேலைதான்: ஹீமோகுளோபின் செய்து குவிப்பது. குளோபின் என்ற புரதத்தை ரைபோசோம்கள் கோக்கின்றன. ஹீம் என்ற பகுதியின் நடுவில் இரும்பைப் பொருத்தும் கடைசி வேலை மைட்டோகாண்டிரியாவுக்குள் நடக்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் செல் தன் உட்கருவையே வெளியே பிதுக்கித் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் விழுங்கணு ஒன்று அதை எடுத்து விழுங்கிச் செரித்துவிடும். மீதியிருக்கும் ரைபோசோம்களோடு இளம் அணு இரத்தத்தில் இறங்குகிறது. ஓரிரு நாளில் அவையும் மறைந்துபோகின்றன. எஞ்சுவது ஒரு சவ்வும், அதற்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளும், ஒரு சில நொதிகளும் மட்டுமே. இப்படி நொடிக்குச் சுமார் 20 லட்சம் அணுக்கள் உங்கள் மஜ்ஜையிலிருந்து புறப்படுகின்றன. எண்ணிக்கையில் பார்த்தால் மனித உடலின் செல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிவப்பணுக்களே.

இத்தனையையும் துறந்ததில் அதற்கு என்ன லாபம்? உட்கரு போனதும் நடுப்பகுதி குழிந்து தட்டையாகிறது. சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி 125 அணுக்களை வரிசையாக வைக்கலாம். தட்டையாக இருப்பதால் ஆக்சிஜன் எளிதில் உள்ளே வந்து போகிறது. தன் அகலத்தைவிடக் குறுகிய நுண்குழாய்களிலும் மடங்கி நெளிந்து நுழைய முடிகிறது. மைட்டோகாண்டிரியா இல்லாததால், தான் சுமந்துபோகும் ஆக்சிஜனில் ஒரு துளியைக்கூட அது எரிபொருளுக்காகச் செலவிடுவதில்லை. தனக்கு வேண்டிய கொஞ்ச ஆற்றலை ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்துப் பெற்றுக்கொள்கிறது. சவ்வு இருக்கிறது, எரிபொருளை உடைக்கிறது, உப்பையும் நீரையும் அளவாக வைத்துக்கொள்கிறது, தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே அது செல்தான் என்று மகளிடம் தயங்காமல் சொல்லலாம். கோழிக்கும் மீனுக்கும் தவளைக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு, பாலூட்டிகளில்தான் இல்லை என்பதையும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

லாபத்தோடு ஒரு நட்டமும் வருகிறது. குறிப்பு எழுதிய உட்கருவும் இல்லை, அதைப் படிக்கும் ரைபோசோமும் இல்லை என்றால் புதிய புரதம் எதையும் செய்ய முடியாது. மற்ற செல்கள் கெட்டுப்போன புரதத்தை உடைத்துப் போட்டுப் புதிது செய்துகொள்ளும். சிவப்பணு தன் ஏறத்தாழ 120 நாள் வாழ்வையும் கையில் இருக்கும் ஹீமோகுளோபினோடுதான் கழிக்க வேண்டும்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். சிவப்பணுவின் சவ்வில் குளுக்கோஸ் வாயில் எப்போதும் திறந்தே இருக்கிறது, இன்சுலின் தேவையில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அணுவுக்குள்ளும் ஏறும். உள்ளே போன குளுக்கோஸில் சிறு பகுதி ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் போய் ஒட்டிக்கொள்கிறது. நொதி எதுவும் இதைச் செய்வதில்லை. சர்க்கரையும் புரதமும் நெடுநேரம் ஒன்றாக இருந்தால் தாமாக நடக்கும் வினை. கல்லில் தோசையின் ஓரம் சிவந்து முறுகுவதும் இந்த வகை வினைதான். அங்கே சூட்டில் நிமிடத்தில் நடப்பது, உடலின் வெப்பத்தில் வாரக்கணக்கில் நடக்கிறது. ஒட்டி நிலைத்த சர்க்கரை அந்த அணு அழியும்வரை போகாது. 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் இந்தப் பகுதி கூடியிருப்பதைக் கண்டறிந்தார். இந்தப் பகுதி நூற்றுக்கு எவ்வளவு என்பதே ஹெச்பிஏ1சி. 2011-இல் உலக சுகாதார நிறுவனம், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று உறுதிசெய்யவே 6.5 என்ற அளவை ஏற்றுக்கொண்டது.

8.4 என்றால் உங்கள் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எட்டுக்கும் சற்று அதிகமான பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பொருள். சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் அது சுமார் 194 வரும். உங்கள் இரத்தத்தில் இன்று பிறந்த அணுவும் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு முன் பிறந்ததும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த அளவு இது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. அதற்கு முந்தைய மாதங்களின் பங்கு மீதிப் பாதி. பத்து நாள் பத்தியம் அதைக் கொஞ்சம்தான் அசைக்கும். பட்டினி கிடந்து வர வேண்டிய பரிசோதனையும் அல்ல இது, சாப்பிட்டுவிட்டே வரலாம். உங்கள் டாக்டர் சொன்ன செய்தி சரி, சொன்ன விதம் சரியில்லை. பத்து நாள் கட்டுப்பாடாக இருக்க முடிந்த ஒருவரிடம் "இதையே எப்படித் தொடரலாம்?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் விஷயம் இதோடு முடியவில்லை. ரிப்போர்ட்டில் நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட இரண்டு எண்கள்தான் என் கண்ணை உறுத்துகின்றன. ஹீமோகுளோபின் 9.2, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன்; 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 70. உங்கள் அணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன. இரும்பு போதாதபோது முன்னோடி செல்லில் ஹீமோகுளோபின் மெதுவாகவே சேர்கிறது, அது சேர்வதற்குள் செல் கூடுதலாக ஒரு முறை பிரிந்துவிடுகிறது, அணு சிறியதாகிவிடுகிறது. இரும்பு எங்கே போனது என்பதையும் உங்கள் கடிதமே சொல்கிறது. சாதாரண இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். அதிலும் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகள் இப்படியே போனால் கையிருப்பு மிஞ்சாது.

இது ஹெச்பிஏ1சி-ஐ எப்படித் தொடுகிறது? இரும்பு குறைந்தால் புதிய அணுக்களின் வரவு குறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அணுக்களின் சராசரி வயது கூடுகிறது. வயது கூடிய அணுவில் சர்க்கரை ஒட்ட அதிக நாள் கிடைத்திருக்கும். எனவே சர்க்கரை ஏறாமலேயே எண் சற்று ஏறித் தெரியும். வைட்டமின் பி12 குறைவும் இதையே செய்யும். மெட்பார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். ஆக, 8.4-இல் ஒரு பங்கு இரத்தசோகையின் கைவேலையாக இருக்கலாம். முழுவதும் அதுதான் என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரும்புக் குறைவு மட்டும் பொதுவாக 6-ஐ 8.4 ஆக்கிவிடாது, பத்தியத்துக்கு முந்தைய வாரங்களில் சர்க்கரை நிச்சயம் கூடத்தான் இருந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலரும் இதில் ஏமாறுகிறார்கள். இரும்பு மாத்திரை தொடங்கியதும் மஜ்ஜை சுறுசுறுப்பாகிப் புத்தம் புதிய அணுக்களை ஏராளமாக அனுப்பும். அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஹெச்பிஏ1சி அழகாகக் குறைந்திருக்கும். சர்க்கரை குறையாமலேயே அது குறைந்திருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

எனவே அடுத்த சில மாதங்களுக்கு ஹெச்பிஏ1சி-ஐ மட்டும் நம்ப வேண்டாம். குளுக்கோமீட்டர் வைத்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின்பும் பார்த்து எழுதி வையுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் நாளில் பாருங்கள், பத்திய நாளில் வேண்டாம். இரத்தசோகை இருக்கும்போது சில குளுக்கோமீட்டர்கள் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டும். லேபில் இரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் ஒரு முறை உங்கள் மீட்டரிலும் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். வசதி இருந்தால் டாக்டரிடம் ஃபிரக்டோசமைன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இது இரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சிவப்பணுவின் வயது இதைப் பாதிக்காது. கடந்த இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும்.

இரும்பு மாத்திரை தொடங்கும் முன், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. குறையவில்லை, அணு மட்டும் சிறியது என்றால், பிறவியிலேயே வரும் தலசீமியாவின் லேசான வடிவம் இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும்; அப்போது இரும்பு மாத்திரை பயன்படாது, மகளுக்கும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். காபி, டீ குடிக்க முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் வேண்டும்.

இரத்தம் ஊறட்டும் என்று பேரீச்சம்பழமும் வெல்லமும் எள்ளுருண்டையும் கொண்டுவந்து கொடுக்க வீட்டில் யாராவது இருப்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். அவற்றில் கிடைக்கும் இரும்பைவிட ஏறும் சர்க்கரை அதிகம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நல்லவை. சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல்தான். முதிர்ந்த சிவப்பணுக்களை வடிகட்டி விழுங்கி இரும்பை மீட்டெடுக்கும் உறுப்பு. அதில் இரும்பு இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. சைவம் என்றால் கீரை, பயறு, கொண்டைக்கடலை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ.

கிளிமிபிரைடை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவில் இரண்டு இட்லியோடு படுத்தது ஆபத்தான காரியம். பீட்டா செல்லின் வாயிலை அது மூடிவிட்டது, இன்சுலின் வெளியேறிவிட்டது, எரிக்க உணவு இல்லை. உங்கள் மூளை செல்கள் குளுக்கோஸைப் பெரிதும் சேமித்து வைப்பதில்லை. இரத்தத்தில் குறைந்தால் நிமிடங்களில் தடுமாறும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் மீட்டரில் பாருங்கள். இனி உணவைக் குறைப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவையும் சேர்த்தே மாற்றுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிவப்பணுவைப் போலவே விழித்திரையின் நுண்குழாய்களிலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் நரம்புகளிலும் உள்ள செல்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது தங்கள் வாயிலைக் குறைத்துக்கொள்ளத் தெரியாதவை. சர்க்கரை நோய் முதலில் அந்த இடங்களைத் தாக்குவது இதனால்தான். உங்களுக்கு நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவும் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் இந்த மாதமே பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இரத்தப்போக்கு. 46 வயதில் இரண்டு ஆண்டுகளாக அதிகமாகப் போவதை, மாதவிலக்கு நிற்கும் காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், உட்சுவர் தடித்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம். புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டிய வயது இது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். அங்கே ஓட்டையை அடைக்காமல் எத்தனை இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் ஏறாது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஃபெரிட்டின் அளவும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். மகளுக்கு வேறு கேள்விகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.